வழவழப்பைக் கழுவிய பிறகு வரட்டும் ஃபேஜ்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அறிவியல் குழு உறுப்பினர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: கோழி இறைச்சிக் கூடங்களின் எந்திரப் பரப்புகளில் ஃபேஜ் (பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்) பயன்படுத்துவதற்குத் தனி விதிமுறை வகுத்தல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

பல்லடம் வட்டாரத்தில் கோழி இறைச்சிக் கூடம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். படித்தது நுண்ணுயிரியல். என் வேலையின் முக்கியமான பாதி இரவில்தான் நடக்கும். கடைசிக் கோழி கொக்கியிலிருந்து இறங்கி, எந்திரங்கள் நின்று, துப்புரவுக் குழு குழாயைத் திறக்கும்போது நானும் பஞ்சுக் குச்சிகளோடு உள்ளே இறங்குவேன்.

அந்தக் குழுவினர் புழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்: வழவழப்பு. கழுவி முடித்த எஃகுத் தகட்டின் மேல் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். விரல் தடைபட்டு, கீச்சென்று ஒலித்தால் சுத்தம். வழுக்கிக்கொண்டு போனால் மறுபடி தேய்ப்பு. கண்ணுக்குத் தகடு பளபளவென்றுதான் இருக்கும், விரலுக்குத்தான் தெரியும். ஆய்வக அறிக்கையில் நாங்கள் 'உயிர்ப்படலம்' என்று எழுதுவது இந்த வழவழப்பைத்தான். மேற்பார்வையாளர்களில் சிலருக்கு நான் எழுதும் சொல் புரிந்ததைவிட, தேய்ப்பவர்களுக்கு அந்தப் பொருள் நன்றாகப் புரிந்திருக்கிறது.

உங்களுக்கு உயிர்ப்படலம் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியா வேறு, ஒரு பரப்பில் ஒட்டிக் குடியேறிய பாக்டீரியா வேறு. ஒட்டிய சில மணி நேரத்திலேயே அது சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு பசையைத் தன்னைச் சுற்றிச் சுரக்கத் தொடங்கிவிடும். கோழி இறைச்சி வழியே வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் பசையில் செல்லுலோஸ்கூட உண்டு. பருத்தி நூலில் இருக்கும் அதே பொருள். குளோரின் தண்ணீரை ஊற்றினால் மேலே இருக்கும் கொழுப்பும் இரத்தக் கசிவும் பசையுமே குளோரினைத் தின்று தீர்த்துவிடும். அடியில் இருப்பவற்றுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் மருந்து செத்துவிடும். அடுத்த நாள் முதல் கோழி வரும்போது மேல் அடுக்கிலிருந்து சில பிய்ந்து அதன் தோலில் ஏறிக்கொள்ளும்.

கோழிக் கூடத்தில் இந்தக் குடியேற்றத்துக்கு மிகவும் வசதியான இடம் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன்: இறகு பிடுங்கும் எந்திரத்தின் ரப்பர் விரல்கள். வெந்நீர்த் தொட்டியில் முங்கி வரும் கோழியின் உடலை நூற்றுக்கணக்கான ரப்பர் விரல்கள் சுழன்று அடித்து இறகை உதிர்க்கின்றன. ஈரம், இளஞ்சூடு, இறகுத் தூள், எச்சம், எல்லாம் ஒரே இடத்தில். ரப்பர் நாளாக நாளாகக் கீறும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே பாக்டீரியாவுக்கு அது பள்ளத்தாக்கு.

எங்கள் கூடத்தில் ஒரு முறை தொடர்ந்து ஏழு வாரம் சால்மோனெல்லா வந்துகொண்டே இருந்தது. பண்ணையைக் குறை சொன்னார்கள், தீவனத்தைக் குறை சொன்னார்கள், கடைசியில் நான் பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டுகளையே குறை சொன்னார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கதையில் கூடம் உண்மையாகவே கோணலாக இருந்தது. எட்டாவது வாரம் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடித்தண்டைத் துடைத்துப் பார்த்தபோது, எந்திரத்தில் பொருத்தியிருக்கும்போது எந்தக் குழாய்த் தண்ணீரும் எட்டாத அந்தக் கழுத்துப் பகுதியில்தான் குடியிருப்பு கிடைத்தது. கழுவும் முறையிலும் பிழை இருந்தது. எடுத்த எடுப்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இரத்தப் புரதம் சூட்டில் வெந்து பரப்போடு ஒட்டிக்கொள்ளும்; முட்டை சட்டியில் பிடிப்பதைப் போல. முதலில் மிதமான தண்ணீர், பிறகு நுரைக்கும் காரச் சோப்பு, பிறகு தேய்ப்பு, அதன் பிறகுதான் கிருமிநாசினி. வரிசையை மாற்றினோம், விரல்களை மாற்றினோம், எண்ணிக்கை இறங்கியது. சுழியத்துக்கு இறங்கவில்லை.

அந்தக் கடைசி மிச்சத்துக்காகத்தான் இந்த மடல்.

அந்த நாட்களில் ஒரு விற்பனையாளர் குளிர்ப்பெட்டியில் இரண்டு புட்டிகளோடு வந்தார். உள்ளே ஃபேஜ் கலவை. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள். 'தெளித்தால் போதும், தேய்க்கவே வேண்டாம்' என்றார். அந்த இரண்டாவது பாதியைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் கூடத்திலேயே பிரித்தெடுத்து வைத்திருந்த சால்மோனெல்லாக்களைத் தட்டில் பரப்பி அவருடைய திரவத்தைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்தேன். சிலவற்றில் பாக்டீரியா செத்த இடங்களில் அழகான தெளிந்த வட்டங்கள். மற்றவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. பாக்டீரியா புல்வெளிபோல் செழித்து நின்றது. விற்பனையாளர் முகம் வாடியது. பிறகு ஓர் ஆர்வத்தில் எங்கள் கழிவுநீர்க் கால்வாயின் தண்ணீரையே எடுத்து, பாக்டீரியா நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அதே தட்டுகளில் சொட்டு வைத்தேன். அவருடைய புட்டி தோற்ற இரண்டு வகைகளில் எங்கள் சாக்கடை வென்றது. நோயும் மருந்தும் ஒரே கால்வாயில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

இதில் வியக்க எதுவும் இல்லை. பாக்டீரியா எங்கே கூட்டமாக இருக்கிறதோ அங்கே அதைத் தின்பவையும் இருக்கும். 1896இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியை அழிக்கும் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். அது ஃபேஜாக இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் கருதினார்கள். 1915இல் ஃபிரெடரிக் ட்வோர்ட், 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல் எனத் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தார்கள்; பெயர் வைத்தவர் பின்னவர். 1919இல் பிரான்சின் கிராமப்புறங்களில் கோழி டைபாய்டு பரவியபோது கோழி எச்சத்திலிருந்தே ஃபேஜைப் பிரித்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவரும் அவர்தான். ஃபேஜ் மருத்துவத்தின் தொடக்கத்திலேயே கோழி இருக்கிறது. 1920களில் அவர் நம் நாட்டுக்கும் வந்து காலராவில் இதைச் சோதித்தார். பிறகு ஆன்டிபயாடிக் வந்தது, உலகத்தின் பெரும்பகுதி இதை மறந்தது. மறதியின் விலையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம்: மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழித் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று 2019இல் நடுவண் அரசு தடை போட வேண்டியிருந்தது.

உணவுத்துறையில் ஃபேஜுக்கு முன்மாதிரி இருக்கிறது. 2006இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், உடனே உண்ணத்தக்க இறைச்சி, கோழிப் பண்டங்களில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமிக்கு எதிராக ஆறு ஃபேஜ்கள் கொண்ட கலவையை அனுமதித்தது. 500 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் என்று அளவும் சொன்னது. 2012இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னொரு லிஸ்டீரியா ஃபேஜைப் 'பதப்படுத்தல் துணைப்பொருள்' என்ற வகையில் ஏற்றன. இந்த இரண்டு அணுகுமுறைகளுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் என் கோரிக்கையின் கரு இருக்கிறது. முதலாவது, உணவின் மேல் தெளித்து உணவோடு போகும் ஒன்றைச் சேர்க்கைப்பொருளாகப் பார்க்கிறது. இரண்டாவது, வேலையை முடித்துவிட்டு விலகும் ஒரு கருவியாகப் பார்க்கிறது. நான் பேசுவது இதற்கும் ஒரு படி முன்னால்: கோழியே இல்லாத நேரத்தில், வெறும் எந்திரத்தின் மேல், இரவில்.

உங்கள் 2017ஆம் ஆண்டு விதிமுறைகள், வரையறுக்கப்படாத உணவுகளுக்கும் உட்பொருள்களுக்கும் முன்அனுமதி பெறச் சொல்கின்றன. அதில் புதிய பதப்படுத்தல் துணைப்பொருள்கள் ஒரு வகை. நுண்ணுயிரி, பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை, பாசி ஆகியவற்றால் ஆனவை அல்லது அவற்றிலிருந்து பெறப்பட்டவை இன்னொரு வகை. வைரஸ் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. விண்ணப்பிக்கிறவர் எந்தக் கதவைத் தட்டுவது? எந்திரத்தின் மேல் மட்டும் தெளிக்கப்படுவது உணவா, துணைப்பொருளா, வெறும் கிருமிநாசினியா? தெளிவில்லாத இடத்தில் இரண்டு விதமான ஆட்கள் உருவாகிறார்கள். நேர்மையானவர் ஒதுங்கிவிடுகிறார். மற்றவர் 'இயற்கைச் சுத்திகரிப்பான்' என்று ஒரு சீட்டை ஒட்டிக் குளிர்ப்பெட்டியோடு வருகிறார்.

எனவே அனுமதியுங்கள் என்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்காதீர்கள். ஃபேஜின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு இணையாக அதன் வரம்புகளைப் பற்றிய அச்சமும் உண்டு. அவற்றைச் சொல்லிவிடுகிறேன், விற்பனைத் துண்டறிக்கைகளில் அவை இருப்பதில்லை.

முதலாவது, குடித்தனச் சிக்கல். ஈரமான, குளிர்ந்த இறைச்சிக் கூடத்தில் வீடு கட்டுவது பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்றவை. அவை இறைச்சியைக் கெடுக்கும், நம்மை அவ்வளவாகக் கெடுக்காது. சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் அந்த வீட்டில் வாடகைக்கு வந்தவை. சால்மோனெல்லாவுக்கான ஃபேஜ் வாடகைக்காரரைத் தேடிப் போகும். வீட்டுக்காரர் கட்டிய சுவரை அது ஒன்றும் செய்யாது. சில ஃபேஜ்களின் வாலில் பசைச் சர்க்கரையை அரிக்கும் நொதி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நொதியும் குறிப்பிட்ட பசைக்கு மட்டுமே பொருந்தும் சாவி. சுவரை இடிக்க இன்றைக்கும் சோப்பும் தேய்ப்பானும் மனிதக் கையும்தான் வேண்டும்.

அடுத்தது குளிர். ஃபேஜின் பெருமையே அது பெருகுவதில் இருக்கிறது. ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் அதை வெடித்துக்கொண்டு பத்துக்கணக்கில், சில நேரம் நூற்றுக்கணக்கில் வெளியே வரும். ஆனால் பாக்டீரியா சுறுசுறுப்பாக இருந்தால்தான் இந்தப் பட்டறை ஓடும். துண்டு போடும் அறையை 12 டிகிரிக்குக் கீழே வைக்கிறோம். சால்மோனெல்லா அங்கே தூக்கக் கலக்கத்தில் இருக்கும். ஃபேஜும் வாசலில் காத்திருக்கும். குளிரிலும் வளரும் லிஸ்டீரியாவின் கதை வேறு. உயிர்ப்படலத்தின் அடி அடுக்கில் பட்டினியோடு முடங்கிக் கிடப்பவற்றுக்கும் இதே பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. ஆகவே சால்மோனெல்லாவுக்கு, பெருகும் என்று நம்பிக் கொஞ்சமாகத் தெளிப்பது வீண். மில்லிலிட்டருக்கு 10 கோடி என்ற அளவில் முதலிலேயே கொட்ட வேண்டும். அதையும் குளிரூட்டியைப் போடுவதற்கு முன், கழுவிய தகடு இன்னும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்போது செய்ய வேண்டும்.

பிறகு எதிர்ப்புத்திறன். நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கண்ணாடிப் பரப்பில் வளர்த்த காம்பிலோபாக்டர் என்ற நோய்க்கிருமியின் உயிர்ப்படலத்தின் மேல் இரண்டு ஃபேஜ்களைத் தனித்தனியே ஏவிப் பார்த்தார்கள். எண்ணிக்கை 1 முதல் 3 லாக் வரை குறைந்தது. அதாவது பத்தில் ஒன்பது முதல் ஆயிரத்தில் 999 வரை போயிற்று. கைதட்டுவதற்கு முன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: சோதித்த இரண்டு வகைகளில் ஒன்றில், எஞ்சியவற்றில் பெரும்பாலானவை அந்த ஃபேஜுக்கு அடங்காதவையாக மாறியிருந்தன. பல ஃபேஜ்களைக் கலப்பதும், கலவையை அவ்வப்போது மாற்றுவதும் இதனால்தான் அவசியமாகிறது. ஒரே புட்டியை வருடக்கணக்கில் தெளிக்கும் கூடம், தன் சாக்கடையில் தனக்கே எதிரியை வளர்த்துக்கொண்டிருக்கும்.

கிருமிநாசினியோடு ஃபேஜுக்கு ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். குளோரினும் பெர்அசிட்டிக் அமிலமும் பாக்டீரியாவைப் போலவே ஃபேஜையும் சிதைக்கும். அலசாமல் மேலே ஃபேஜைத் தெளித்தால் காசைக் கால்வாயில் விடுவதற்குச் சமம். இரண்டுக்கும் நடுவே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தெளித்த பிறகு சில மணி நேரம் பரப்பு காயாமல் இருக்க வேண்டும். ஆக, ஃபேஜ் கேட்பது பணத்தைவிட நேரத்தை.

நேரம்தான் எங்கள் கூடங்களில் கிடைப்பதற்கு மிக அரிய பொருள். பண்டிகை நெருங்கினால் இரண்டாவது ஷிப்ட் நள்ளிரவு தாண்டியும் ஓடும். காலை 5 மணிக்கு அடுத்த லாரி வந்து நிற்கும். நடுவில் கிடைக்கும் இரண்டரை மணி நேரத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த எட்டுப் பேர் ஒரு முழுக் கூடத்தையும் தேய்க்க வேண்டும். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 'வழவழப்பு போகவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும்' என்று எந்திரத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெரும்பாலான நாட்களில் எனக்கும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் நிபந்தனையில்லாமல் ஃபேஜை அனுமதித்தால் நடக்கப்போவது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்: துப்புரவு நேரத்தில் இன்னும் அரை மணி வெட்டப்படும். 'அதுதான் ஃபேஜ் போட்டாயிற்றே' என்பார்கள்.

அதனால், ஃபேஜுக்கு அனுமதி கேட்கும் கூடம் முதலில் தன் துப்புரவு நேரத்தைக் காட்டட்டும். உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் இறைச்சிக் கூடங்களுக்கான தூய்மை நெறிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கடைசிக் கோழிக்கும் முதல் கோழிக்கும் இடையே குறைந்தது இத்தனை மணி நேரம் என்ற ஒரு வரியை இதற்கென்று சேருங்கள். ரப்பர் விரல்களைக் கழற்றிப் பார்த்த தேதி, மாற்றிய தேதி, கழற்றிய இடத்தில் எடுத்த மாதிரியின் முடிவு, இந்த மூன்றும் பதிவேட்டில் இல்லாத கூடத்துக்கு ஃபேஜ் புட்டி போகவே கூடாது.

திறன் சோதனையைச் சோதனைக்குழாயில் முடித்துக்கொள்ள விடாதீர்கள். சத்துநீரில் மிதக்கும் பாக்டீரியாவை 37 டிகிரியில் கொல்வது எந்த ஃபேஜுக்கும் எளிது. எஃகிலும் கீறல் விழுந்த பழைய ரப்பரிலும் மூன்று நாள் வளர்ந்த படலத்தின் மேல், சூடோமோனாஸையும் கூட வைத்து, கூடத்தின் உண்மையான வெப்பநிலையில் சோதிக்கச் சொல்லுங்கள். சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வேறொரு நாட்டின் வகைகளுக்காகத் திரட்டிய கலவை பல்லடத்திலும் நாமக்கல்லிலும் என்ன செய்யும் என்பதை இங்கே பிரித்தெடுத்தவற்றின் மேல்தான் பார்க்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிதாகப் பிரித்தவற்றோடு திரும்பவும் பார்க்க வேண்டும்.

ஃபேஜின் பிறப்புச் சான்றையும் கேளுங்கள். பாக்டீரியாவின் மரபணுவுக்குள் ஒளிந்து தங்கும் வகை ஃபேஜ்கள் வேண்டவே வேண்டாம். காலராக் கிருமிக்கு அதன் நஞ்சையே ஒரு ஃபேஜ்தான் சுமந்து வந்து கொடுத்தது என்பது 1996இலேயே தெரிந்துவிட்டது. வெடித்துக் கொல்வதை மட்டுமே செய்யும் ஃபேஜா, முழு மரபணுவும் படிக்கப்பட்டதா, நஞ்சு மரபணுவோ மருந்தெதிர்ப்பு மரபணுவோ இல்லையா, வளர்க்கப் பயன்பட்ட சால்மோனெல்லாவின் உடைந்த உறையிலிருந்து வரும் உள்நஞ்சு நீக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லாத புட்டிக்கு மதிப்பு, எங்கள் சாக்கடைத் தண்ணீரின் மதிப்புதான். உண்மையில் அதைவிடக் குறைவு. எங்கள் சாக்கடை குறைந்தபட்சம் உள்ளூர்.

உள்ளூர் என்றதும் இன்னொன்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல்லில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஓசூரில் கோழியின உற்பத்திக்கென்றே ஒரு கல்லூரியும் இருக்கின்றன. கூடங்கள் தங்கள் சால்மோனெல்லாவை அங்கே ஒப்படைக்கவும், அங்கே ஃபேஜ் வங்கி ஒன்று வளரவும் உங்கள் ஆணையம் வழி செய்தால், சிறிய கூடக்காரரும் விற்பனையாளரை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஒப்படைப்பவர் மேல் நடவடிக்கை பாயாது என்ற உறுதியும் அதோடு வேண்டும். இன்றைய நிலையில் சால்மோனெல்லா கண்டுபிடித்தவன்தான் குற்றவாளி, தேடாதவன் உத்தமன்.

கடைத்தெருவுக்கு இந்த மடலில் இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் மக்கள் பெரும்பாலோர் கோழியைக் கண்ணெதிரே வெட்டித்தான் வாங்குகிறார்கள். அங்கே பிரச்சினை புளியமரக் கட்டை. கத்தி விழுந்து விழுந்து குழிந்த அதன் நடுப்பகுதி. அதற்கு ஃபேஜ் வேண்டாம். தினமும் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, குழி விழுந்ததும் மாற்றினால் போதும். நாமக்கல்லில் 2023இல் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்த பிறகு கடைகளில் சோதனைகள் நடந்தன. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு மாநில அரசு ஓராண்டுத் தடை விதித்தது. தட்டுக்கு வந்த பிறகு விழித்துக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. தட்டுக்கு மிகவும் முன்னால், யாரும் பார்க்காத ஒரு ரப்பர்த் தண்டின் கழுத்தைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

'வைரஸ்' என்றால் மக்கள் பயப்படுவார்களே என்று ஒருவர் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் சொல்வார். மறைக்காதீர்கள் என்பதே என் பதில். இறைச்சியின் மேலேயே தெளிக்கும் நாள் வந்தால் உறையில் எழுதத்தான் வேண்டும். ஃபேஜ் மனித உயிரணுவைத் தொடுவதில்லை. நம் குடலில் இப்போதும் கோடிக்கணக்கில் இருக்கிறது. இதை எளிய தமிழில், இந்தியில் சொல்லும் வேலையை ஆணையமே செய்யட்டும். அதை விற்பவரிடம் விட்டால் 'தேய்க்கவே வேண்டாம்' என்பதும் சேர்ந்து வரும்.

விதிமுறை எழுத உட்காருவதற்கு முன் குழுவிலிருந்து ஒருவராவது ஏதேனும் ஒரு கூடத்துக்கு இரவு 1 மணிக்கு வர வேண்டும். பகலில் முன்னறிவிப்போடு வந்தால் கீச்சென்று ஒலிக்கும் தகடுகளைத்தான் காட்டுவார்கள். எங்கள் கூடத்துக்கு வந்தால் ரப்பர் பூட்ஸ் நான் தருகிறேன். 7ஆம் எண்ணும் 9ஆம் எண்ணும் இருக்கின்றன. கையுறையை மட்டும் ஒரு நிமிடம் கழற்றிவிட்டு, தகட்டின் மேல் விரலை இழுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரக் கோழி இறைச்சிக் கூடம் ஒன்றின்
தரக்கட்டுப்பாட்டு நுண்ணுயிரியலாளர்